ஹாப்பரை எதுவரை நிரப்பலாம்? வேளாண் விமானத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சுமைக் கணக்கு

அமெரிக்காவில் பயிருக்கு மருந்தும் உரமும் தூவும் விமானங்களின் விபத்து அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடுகிறது, அரைகுறையாக எழும்புகிறது, எதிரே இருக்கும் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ வளர்ந்த பயிரிலோ சக்கரம் சிக்கி விழுகிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் பழுது எதுவும் இருக்காது. ஏற்றிய எடை, அன்றைய வெயில், முதுகுப் பக்கம் வீசிய காற்று, பாதையின் நீளம் ஆகிய நான்கையும் யாரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அடியில் இருக்கும் காரணம்.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில், விமானத்தில் சுமை நிரப்பும் லோடராக நுழைந்து, பிறகு விமானி இருக்கைக்கு வந்தவன் நான். இந்தக் கணக்கை ஒரே இடத்தில் உட்காரவைத்து எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் "போன தடவை மாதிரியே" என்பதுதான் அளவு. கையேடு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், பழைய விமானிகளின் வாய்ச்சொல் ஒரு பக்கம் என்று சேர்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். அலகுகள் இங்கே புழங்கும் பவுண்டு, கேலன், அடி ஆகியவையே. கேலன் என்பது அமெரிக்க கேலன். ஹாப்பர் என்பது விமானத்துக்குள் மருந்தோ உரமோ விதையோ நிரப்பும் தொட்டி.

1. முதலில் காகிதங்களைத் திரட்டுங்கள்

கைக்கு வர வேண்டியவை இவை: விமானத்தின் கடைசி எடைச் சான்று, விமானக் கையேடு, விமானி அறையில் ஒட்டியுள்ள எடை வரம்புப் பலகை, ஏற்றப்போகும் பொருளின் லேபிளும் பாதுகாப்புத் தரவுத் தாளும்.

எடைச் சான்றைத் தேதி பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளரின் விளம்பரத் தாளில் உள்ள வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தெளிப்பான் குழாய்கள், பம்பு, ஜிபிஎஸ் கருவி, விளக்குகள், புதிய புரொப்பெல்லர் என்று வருடாவருடம் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். உலர்பொருள் தூவும் ஸ்ப்ரெட்டரை மாட்டியிருக்கும்போது ஓர் எடை, தெளிப்பான் குழாயோடு இன்னோர் எடை. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் பருவம் தொடங்கும் முன்பே பராமரிப்பு மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பருவத்தின் நடுவில் யாரும் விமானத்தைத் தராசில் ஏற்றித் தரமாட்டார்கள்.

கையேட்டில் உங்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கலாம். வேளாண் விமானங்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகை என்ற பிரிவில் சான்று பெறுபவை. பயணிகள் விமானத்தின் கையேட்டில் வருவதுபோல வெப்பநிலை வாரியாக, எடை வாரியாக விரிந்த புறப்பாட்டு அட்டவணை பலவற்றில் இருக்காது. அதனால்தான் மூன்றாவது படி இவ்வளவு நீளமாக இருக்கிறது.

2. கேலனை விட்டு பவுண்டுக்கு வாருங்கள்

ஹாப்பரில் கோடு போட்டிருப்பது கேலனில். இறக்கை தூக்குவது பவுண்டை. புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

ஏர் டிராக்டர் 502பி விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஹாப்பர் 500 கேலன். புறப்பாட்டு எடை வரம்பு 9,400 பவுண்டு, இறங்கும்போது 8,000. தெளிப்பான் கருவியோடு வெற்று எடை சுமார் 4,550 பவுண்டு என்று வைப்போம். உங்கள் விமானத்துக்கு உங்கள் எடைச் சான்றில் இருப்பதைப் போடுங்கள்.

9,400இல் 4,550 போனால் மீதி 4,850. தலைக்கவசத்தோடு விமானி 200 பவுண்டு. எரிபொருள் 100 கேலன், கேலனுக்கு 6.7 பவுண்டு வீதம் 670. ஆக, ஹாப்பருக்குக் கிடைப்பது 3,980 பவுண்டு.

தண்ணீர் கேலனுக்கு 8.34 பவுண்டு. 3,980ஐ அதால் வகுத்தால் 477 கேலன். அதாவது வெறும் தண்ணீரை நிரப்பினால்கூட 500 கேலன் கோட்டைத் தொட முடியாது. இனி திரவ உரத்துக்கு வாருங்கள். யு.ஏ.என். 32 என்ற யூரியா அம்மோனியம் நைட்ரேட் கரைசல் கேலனுக்கு 11.06 பவுண்டு. அதே 3,980 பவுண்டுக்கு 360 கேலன்தான். மருந்து அடித்த பழக்கத்தில் 500 கேலன் உரம் ஏற்றினால் 5,530 பவுண்டு ஆகிவிடும். வரம்புக்கு மேல் 1,550 பவுண்டு. 400 கேலன் மட்டும் ஏற்றி, நூறு கேலன் குறைத்துவிட்டோமே என்று நிம்மதி அடைந்தாலும் 440 பவுண்டுக்கு மேல் மீறியிருப்பீர்கள்.

கேலனுக்கு எத்தனை பவுண்டு என்பது லேபிளிலோ பாதுகாப்புத் தரவுத் தாளிலோ இருக்கும். தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி எண் மட்டும் கொடுத்திருந்தால் அதை 8.34ஆல் பெருக்குங்கள். நீங்கள் ஏற்றும் பொருள்களுக்கு ஒரே பக்கத்தில் பட்டியல் எழுதி, மருந்து கலக்கும் கொட்டகையில் ஒட்டிவிடுங்கள்.

விதைநெல் தனிக் கதை. சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் வயலில் தண்ணீரைத் தேக்கிவிட்டு, ஊறவைத்து வடித்த நெல்லை விமானத்திலிருந்து விதைக்கிறார்கள். விவசாயி ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வது காய்ந்த நெல்லின் எடை. ஊறிய நெல் ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாக நிற்கும். விதைச் சீட்டில் 3,200 பவுண்டு என்று இருந்தால் உங்கள் ஹாப்பரில் விழுவது 4,000. எந்த எடையைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்காமல் ஏற்றுபவர்கள் உண்டு.

3. உங்கள் விமானத்துக்கு நீங்களே ஓர் அட்டவணை

எடை வரம்புக்குள் இருப்பது முதல் வடிகட்டி மட்டும். இன்றைக்கு இந்தப் பாதையில் அந்த எடை எழும்புமா என்பது வேறு கேள்வி.

புதிய விமானத்திலோ புதிய ஓடுபாதையிலோ முதல் நாள் பாதி ஹாப்பரோடு தொடங்குங்கள். சக்கரம் எங்கே தரையை விடுகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடை, வெப்பநிலை, காற்று, பாதையின் தன்மை, எழும்பிய தூரம் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் விடாமல் எழுதினால், எந்தக் கையேட்டிலும் இல்லாத அட்டவணை உங்களிடம் இருக்கும்.

அட்டவணையில் இல்லாத நிலைமைக்குப் பெருக்கல் எண்கள் வேண்டும். புறப்பாட்டுத் தூரம் எடையின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. 10 விழுக்காடு எடை கூடினால் குறைந்தது 21 விழுக்காடு தூரம் கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் பாடநூல் சொல்கிறது. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் மற்றவை இருக்கின்றன: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 10 விழுக்காடு, காய்ந்த குறும்புல் தரைக்கு 20, ஈரப் புல்லுக்கு 30, எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்றுக்கு 20, இரண்டு விழுக்காடு மேட்டுச் சரிவுக்கு 10, சேற்று நிலத்துக்கு 25 அல்லது அதற்கும் மேல். எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புக்காக 1.33ஆல் பெருக்கச் சொல்கிறது.

இந்த எண்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 20 விழுக்காடு என்றால் 1.2ஆல். மாதிரிக்கு ஒன்று போடுகிறேன். உங்கள் நோட்டில் 8,000 பவுண்டு, 15 டிகிரி, காற்றில்லாத காலை, தார்ப் பாதை என்ற நிலையில் 1,100 அடி என்று இருக்கிறது. இன்று நிற்பது 2,600 அடி நீளமுள்ள புல் பாதையில், 38 டிகிரி வெயிலில், 9,400 பவுண்டோடு, முதுகில் மணிக்கு 5 மைல் காற்றோடு. எழும்பும் வேகம் 80 மைல் என்று கொள்வோம்.

எடைக்காக 1,100 அடி 1,520 ஆகிறது. வெயிலுக்காக 1,870. காற்றுக்காக 2,100. புல்லுக்காக 2,520. பாதையில் மீதி 80 அடி. பாதுகாப்பு விகிதத்தையும் சேர்த்தால் வேண்டியது 3,350 அடி. வரம்புக்கு உள்ளேயே இருந்துகொண்டு விழும் விமானம் இதுதான். சட்டப்படி எடை சரி, தாளில் தவறு ஒன்றும் இல்லை.

இப்போது மறுமுனைக்கு ஓட்டிப் போய்க் காற்றுக்கு எதிராகத் திரும்பி நில்லுங்கள், எடையையும் 8,700க்கு இறக்குங்கள். எதிர்க்காற்றின் உதவியைக் கணக்கில் சேர்க்காமலே, எல்லாம் சேர்த்து 2,560 அடிக்குள் அடங்கும். நீங்கள் விட்டுக்கொடுத்தது 700 பவுண்டு, அதாவது 84 கேலன் தண்ணீர்.

வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். கடல் மட்டத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் 38 டிகிரி என்றால், விமானத்துக்கு அது ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதை. டர்பைன் எஞ்சின் வெப்ப வரம்பைத் தொட்டுவிட்டால் முழு முறுக்குவிசையையும் தராது. காலை ஆறு மணிக்கு எழும்பிய சுமை பிற்பகல் இரண்டுக்கு எழும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நாளுக்குக் காலைச் சுமை, மதியச் சுமை என்று இரண்டு எண்களை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

4. பாதையை நடந்து பாருங்கள்

பண்ணை ஓடுபாதைக்கு வரைபடம் இருக்காது. நடந்து, நீளத்தை அளந்து, குழிகளைப் பாருங்கள். மழைக்குப் பிறகு மறுபடியும் நடங்கள். பாதை முடிந்த பிறகு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: வரப்பு, வாய்க்கால், மின்கம்பி, மரம். மே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே இருந்த மக்காச்சோளம் ஜூலையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பாதையின் நீளம் மாறாவிட்டாலும் உங்கள் தடை உயர்ந்துவிட்டது.

பின்காற்றில் புறப்படும் விபத்துகளுக்குப் பின்னால் அனேகமாக ஒரு வசதி ஒளிந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியும் மருந்துக் கொட்டகையும் பாதையின் ஒரு முனையில் இருக்கின்றன. அங்கேயே நிரப்பி, அங்கிருந்தே ஓடினால் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் மிச்சம். காற்று திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் திரும்புவதில்லை. லோடிங் முனையில், காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப் பையும் எதிர்முனையில் ஒரு காற்றுப் பையும் கட்டுங்கள். செலவு அற்பம்.

5. கொட்டும் இடத்தைத் தரையில் குறியுங்கள்

வேளாண் விமானத்தில் மற்ற விமானங்களுக்கு இல்லாத ஒரு வரம் உண்டு: டம்ப் கைப்பிடி. இழுத்தால் ஹாப்பர் அடி திறந்து சுமை சில நொடிகளில் கொட்டிவிடும். இருந்தும், சுமையோடே தரையில் மோதியவர்கள் அறிக்கைகளில் இருக்கிறார்கள். கை போகவில்லை, அல்லது நேரம் கடந்து போனது. இன்னும் கொஞ்சம் ஓடினால் எழும்பிவிடும் என்று தோன்றும் அந்த நொடிகளில் யோசித்து முடிவெடுக்க முடியாது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாதையின் சரிபாதியில் ஒரு கொடிக் கம்பு நடுங்கள். அதைத் தாண்டும்போது எழும்பும் வேகத்தில் 70 விழுக்காடு வந்திருக்க வேண்டும். 80 மைல் என்றால் 56. வரவில்லை என்றால் பவரைக் குறைத்து நிறுத்துங்கள். கனத்த சுமையோடு நிறுத்த எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், கம்பைப் புறப்படும் முனைக்கு இன்னும் அருகில் நடுங்கள். இரண்டாவது கம்பு ஒன்று: அங்கே சக்கரம் தரையை விடவில்லை என்றால் பேச்சே இல்லை, கைப்பிடிதான்.

கொட்டும்போது மூக்கு மேலே தூக்கும். தாழ்ந்த வேகத்தில் அதை அப்படியே விட்டால் இறக்கை ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். ஸ்டிக் என்ற கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் அழுத்தத் தயாராக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, உயரத்தில் வைத்து, பயிற்றுநரோடு சில முறை கொட்டிப் பழகிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

உலர்பொருளில் கைப்பிடியை முழுதாக நம்பாதீர்கள். ஸ்ப்ரெட்டர் மாட்டியிருந்தால் கொட்டும் வேகம் குறையும். ஈரம் குடித்த யூரியா மழைக்கால வெல்லம்போல இறுகி, கதவு திறந்த பிறகும் உள்ளேயே நிற்கலாம். உலர்பொருளுக்குச் சுமையை இன்னும் குறைத்தே நான் ஏற்றுகிறேன். இது என் சொந்த விதி.

எழும்பிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. தரையை ஒட்டி இருக்கும்வரை விமானம் மிதப்பதுபோல் தெரியும். இறக்கையின் முனைக்கு முனை உள்ள நீளத்தைத் தாண்டி மேலே போனதும் அந்த உதவி போய்விடும். வேகம் கூடும்வரை நேராகவே போங்கள். வயல் இடப்பக்கம் இருக்கிறது என்று உடனே சாய்த்துத் திருப்பாதீர்கள்.

6. லோடருக்கும் விமானிக்கும் நடுவே ஒரு தாள்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரப்புவது இந்தத் தொழிலில் சகஜம். காது கேட்காது, கைச்சாடைதான். ஆகவே நிரப்பும் நேரத்தில் பேசித் தீர்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். காலையிலேயே சுமைத் தாள் எழுதப்பட வேண்டும்: பொருள், கேலனுக்கு எத்தனை பவுண்டு, காலையில் எத்தனை கேலன், மதியம் எத்தனை, எரிபொருள் எவ்வளவு, மொத்த எடை, விமானியின் கையெழுத்து.

லோடராக இருப்பவருக்கு இரண்டு சொல். பொருள் மாறும்போதெல்லாம் குழாயைத் திறக்கும் முன் விமானிக்குத் தெரிய வேண்டும். தாள் மாற வேண்டும். இரண்டாவது, கேட்காமல் எரிபொருளை முழுதாக நிரப்பாதீர்கள். உதவி என்று நினைத்து நீங்கள் ஊற்றும் 50 கேலன் 335 பவுண்டு. அளவுக்கு ஹாப்பர் கண்ணாடியைவிட, ஏற்றும் குழாயில் ஓடிய அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டரை நம்புங்கள். அதையும் பருவத் தொடக்கத்தில் அளவு தெரிந்த தொட்டியை வைத்துச் சரிபாருங்கள்.

7. "இன்னும் இருபது கேலன்தானே" என்று வரும்போது

100 ஏக்கர் வயல், ஏக்கருக்கு 5 கேலன், ஆக 500 கேலன். நம் கணக்கில் வரம்பு 477. இருபத்துமூன்று கேலனுக்காக இன்னொரு தடவையா என்று மனம் கேட்கும், முதலாளியும் கேட்பார். ஒரு வழி, எரிபொருளை 100இலிருந்து 70 கேலனுக்கு இறக்குவது. அப்போது எடை வரம்புக்குள் 500 கேலன் தண்ணீர் அடங்கும். பகலில் கண்பார்வைப் பறத்தலுக்கு 30 நிமிட எரிபொருள் மிச்சமிருக்கத் திட்டமிட வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது படியின் தூரக் கணக்கும் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், 250 கேலனாக இரண்டு தடவை.

இரண்டாவது தடவையின் செலவை எழுதிப் பாருங்கள். வயலுக்குப் போக வர 20 நிமிடம், எஞ்சின் மணிக்கு 50 கேலன் குடிக்கிறது என்று கொண்டால் சுமார் 17 கேலன். கேலன் 5 டாலர் என்றால் 85 டாலர், கூடவே விமானியின் நேரம். மறுபக்கம், கொட்டிய ஒரு சுமையில் மருந்தின் விலை முழுதும் போகும். கொட்டிய இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பூச்சிக்கொல்லி என்றால் மாநில அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டியும் வரலாம். விமானமே போனால், புதிய டர்பைன் விமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பொருள். காப்பீட்டுப் பாலிசியில் எடை வரம்பு மீறலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்று வேலையில் சேரும் முன்பே படியுங்கள்.

8. உரிமமும் காலமும்

இந்தத் தொழிலை ஆளும் விதி, எஃப்.ஏ.ஏ. விதிகளின் 137ஆம் பகுதி. கூலிக்குப் பறக்க வணிக விமானி உரிமமும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். மருத்துவச் சான்றின் வணிகப் பயன் 12 மாதம். பருவத்தின் நடுவில் காலாவதி ஆகாதபடி குளிர்காலத்தில் புதுப்பியுங்கள். மருந்து தெளிக்க மாநில அளவில் தனி உரிமம் உண்டு, அதற்குத் தனித் தேர்வு. சொந்தமாக நிறுவனம் தொடங்குபவர் எஃப்.ஏ.ஏ.யின் வட்டார அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வசந்தத்தில் போனால் வரிசை. நவம்பர், டிசம்பரே நல்ல மாதங்கள்.

137ஆம் பகுதியின் திறன் தேர்வில் குறும்பாதை, மென்பாதைப் புறப்பாடு இருக்கிறது. அதை விமானத்தின் உச்ச எடையில் செய்துகாட்ட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. நிறுவனத்தில் சேரும் விமானியை அங்குள்ள மேற்பார்வையாளரே சோதிக்கலாம் என்பதால், காலி ஹாப்பரோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நீங்களாகவே கேட்டு முழு எடையில் செய்யுங்கள். 2013ஆம் ஆண்டின் 78 வேளாண் விமான விபத்துகளை ஆராய்ந்து 2014இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட சிறப்பு அறிக்கையும், இந்தத் தேர்வுகளை நடத்தப் போதிய வழிகாட்டுதல் இல்லை என்பதை ஒரு குறையாகச் சொன்னது. சோர்வு, பராமரிப்பு, ஆபத்தை எடைபோடும் முறை ஆகியவை அது சொன்ன மற்ற குறைகள்.

9. விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆட்கள், பிறகு தீ, பிறகு மருந்து. மீட்க வருபவர்களிடம் ஹாப்பரில் என்ன இருந்தது என்று சொல்லி லேபிளைக் கொடுங்கள். பாதுகாப்பு வாரியத்துக்கு உடனடியாகத் தகவல் போக வேண்டும். எழுத்து அறிக்கை 10 நாளுக்குள், 6120.1 என்ற படிவத்தில். உயிரைக் காப்பாற்றவோ மேலும் சேதத்தைத் தடுக்கவோ தேவைப்பட்டாலன்றிச் சிதைவை நகர்த்தக் கூடாது.

விசாரணைக்காரர்கள் எடையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று புதியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சுமைச் சீட்டு, எரிபொருள் ரசீது, விதை அல்லது உர விற்பனைச் சீட்டு, இவற்றோடு தெளிப்பு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியின் பதிவு. பாதையில் எந்த இடத்தில் என்ன தரைவேகம் இருந்தது என்பதை அந்தப் பதிவு நொடிவாரியாகக் காட்டிவிடும். அதே பதிவை நீங்கள் ஒவ்வொரு மாலையும் இறக்கிப் பார்க்கலாம். மூன்றாவது படியில் சொன்ன நோட்டுக்குச் சக்கரம் விட்ட இடத்தைக் குறிக்க இன்னொருவரை நிறுத்த வேண்டிய தேவைகூடக் குறையும்.

வாரியத்தின் விபத்துத் தேடுபக்கம் இலவசம். 137ஆம் பகுதி என்று வடிகட்டி, உங்கள் விமான வகையைப் போட்டு, குளிர்கால மாலைகளில் படியுங்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் எடை, வெப்பநிலை, காற்று, பாதையின் நீளம் ஆகியவற்றைத் தேடி எடுத்து மேலே போட்ட கணக்கில் பொருத்திப் பாருங்கள்.